இயோலானி அரண்மனையைப் பார்த்தால் ஹவாய் வரலாறு புரியுமா?

ஒவாஹு தீவில் நான்கு நாள் இருக்கப்போகிறோம், அதில் ஒரு காலைப்பொழுதை ஹொனலூலுவின் இயோலானி அரண்மனைக்குக் கொடுத்தால் ஹவாய் வரலாறு கொஞ்சமாவது பிடிபடுமா, இல்லை பழைய நாற்காலி, பீங்கான் தட்டு, சரவிளக்கு என்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மண்ணில் இருக்கும் ஒரே அரண்மனை என்கிறார்களே, அது சரியா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு ராஜாவின் வீட்டைப் பார்த்து அந்த நாட்டு ஜனங்களின் கதையைத் தெரிந்துகொள்ள முடியுமா? நான் வரலாறு படித்தவன், ஹொனலூலுவில் பல வருஷம் வேலை பார்த்தவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். ஹவாய் மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம். அதனால் அந்த மொழியில் உள்ள ஆவணங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றை முறையாகப் படித்த ஆய்வாளர்களை நம்பித்தான் சொல்கிறேன்.

கட்டாயம் போங்கள். ஆனால் ஏறக்குறைய 13 வருஷக் கதைக்காகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். 1882-ல் கட்டி முடித்த வீடு அது. 1895-ல் அதே வீட்டு மாடியில் நாட்டின் கடைசி ராணி கைதியாக இருந்தார். நடுவில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. அதற்கு முந்திய பல நூற்றாண்டுகள், சாதாரண மக்களின் நிலம், அவர்களைக் கொன்ற நோய்கள், கரும்புத் தோட்டங்கள் இதெல்லாம் வேண்டுமென்றால் வேறு இடங்களுக்கும் போக வேண்டும். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உள்ளே நுழையும் முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் நாற்காலியும் சரவிளக்கும் பேச ஆரம்பிக்கும். இந்த அரண்மனையைக் கட்டிய கலாகாவா, பரம்பரையாகப் பட்டத்துக்கு வந்தவர் அல்ல. முந்தைய ராஜா வாரிசு சொல்லாமல் இறந்ததால் 1874-ல் சட்டமன்றம் வாக்கெடுப்பு நடத்தியது. அதற்கும் முன்னால் ஆண்ட ஒரு ராஜாவின் விதவையான ராணி எம்மாவுக்கு 6 வாக்கு, கலாகாவாவுக்கு 39. எம்மாவின் ஆதரவாளர்கள் கலவரத்தில் இறங்கினார்கள். அதை அடக்க, துறைமுகத்தில் நின்ற அமெரிக்க, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து வீரர்களை இறக்க வேண்டியிருந்தது. ஆட்சியின் முதல் நாளே அன்னியத் துப்பாக்கியின் துணையோடு தொடங்கிய ராஜா அவர். ஹவாய் ஒரு சுதந்திர நாடு என்று பிரிட்டனும் பிரான்சும் 1843-லேயே ஒப்புக்கொண்டிருந்தன. ஆனால் காகிதத்தில் ஒப்புக்கொண்டது எத்தனை நாள் நிற்கும் என்ற கவலை அவருக்கு இருந்திருக்க வேண்டும். பசிபிக்கில் தீவு தீவாக வல்லரசுகள் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது.

1881-ல் கலாகாவா உலகத்தைச் சுற்றினார். ஆட்சியில் இருக்கும்போதே உலகைச் சுற்றி வந்த முதல் மன்னர் அவர்தான். ஜப்பான், சீனா, சயாம், சிங்கப்பூர், ஜொகூர், பர்மா என்று வந்து, கல்கத்தாவில் இறங்கி, ரயிலில் இந்தியாவைக் குறுக்கே கடந்து பம்பாயில் கப்பலேறினார். அப்புறம் எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா. ஜப்பானிய மன்னரிடம் இரண்டு யோசனைகளை முன்வைத்தார்: தன் தங்கை மகள் கையுலானியை ஒரு ஜப்பானிய இளவரசருக்குக் கல்யாணம் செய்துகொடுக்கலாம், ஆசிய நாடுகளெல்லாம் சேர்ந்து ஒரு கூட்டணி அமைக்கலாம். இரண்டையும் அவர்கள் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். நியூயார்க்கில் எடிசனைச் சந்தித்து மின்விளக்கைப் பற்றி விசாரித்தார். திரும்பி வந்தபோது இங்கே அரண்மனை எழும்பிக்கொண்டிருந்தது.

ஆக, முன் கூடத்தில் கோவா (koa) என்ற ஹவாய் மரத்தில் இழைத்த அந்தப் பெரிய படிக்கட்டைப் பார்க்கும்போதும், தொலைபேசி, குழாய்த் தண்ணீர், நவீனக் கழிப்பறை இதையெல்லாம் பார்க்கும்போதும், இது யாருக்காகக் கட்டியது என்று கேட்டுப் பாருங்கள். 1887 வாக்கில் இந்த அரண்மனையில் மின்விளக்கு எரிந்தது. வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தது 1891-ல். வழிகாட்டிகள் இதை மறக்காமல் சொல்வார்கள், கேட்பவர்களும் சிரிப்பார்கள். என் பார்வையில் இது வேடிக்கைத் துணுக்கு அல்ல. எங்களை நாகரிகமில்லாத தீவுக்காரர்கள் என்று நினைக்காதீர்கள், உங்கள் மன்னர்கள் உட்காரும் அதே மாதிரிச் சபையில்தான் நாங்களும் உட்காருகிறோம் என்று வெளிநாட்டுத் தூதர்களிடம் சொல்வதற்காகக் கட்டிய வீடு இது. செலவு ஏறத்தாழ 3,40,000 டாலர். அந்தச் சின்ன நாட்டுக்குப் பெரிய தொகைதான். எதிரிகள் அதைத்தான் சொல்லிக் காட்டினார்கள்: ஊதாரி ராஜா, கடன்கார அரசாங்கம் என்று. அந்தக் குற்றச்சாட்டில் விஷயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அபின் விற்பனை உரிமத்துக்காக ஒரு சீன வியாபாரியிடம் பெரும் பணம் வாங்கிய விவகாரம் அவர் பெயரைக் கெடுத்தது. ஆனால் செலவைப் பற்றி அதிகம் சத்தம்போட்டவர்கள், 1875 வர்த்தக ஒப்பந்தத்தால் அமெரிக்காவுக்கு வரியில்லாமல் சர்க்கரை அனுப்பிச் சம்பாதித்தவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெளித் தோட்டத்தில் ஒரு எண்கோண மண்டபம் இருக்கும். 1883 பிப்ரவரியில் முடிசூட்டு விழாவுக்காகக் கட்டியது. பட்டத்துக்கு வந்து ஒன்பது வருஷம் கழித்து முடிசூட்டு விழா! அந்த விழாவில் ஹூலா நடனத்தைப் பகிரங்கமாக ஆடவைத்தார் கலாகாவா. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆட்சியாளர் காஹுமானு 1830-ல் பொது இடத்தில் ஆடக் கூடாது என்று தடுத்த கலை அது. மிஷனரிக் குடும்பங்கள் முகம் சுளித்தன. ஐரோப்பியக் கிரீடம், ஹவாய் நடனம் இரண்டையும் ஒரே மேடையில் வைத்த மனிதர் அவர். அவரை வெறும் நகல் ராஜா என்று தள்ளிவிட நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கிரீடங்கள் இப்போது அடித்தளக் கூடத்தில் இருக்கின்றன. ராஜாவின் கிரீடத்தில் இருந்த கற்களை 1893 குழப்பத்தில் பெயர்த்துத் திருடிவிட்டார்கள். நீங்கள் பார்ப்பவை பின்னால் பதித்தவை.

கீழ்த்தளத்தில் நீல அறை என்று ஒன்று வரும். ஒலிப்பதிவுக் கருவி அடுத்த அறைக்குப் போகச் சொன்னாலும் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1887-ல் ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் கலாகாவாவை மிரட்டி ஒரு புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கியது. துப்பாக்கிமுனைச் சட்டம் என்றுதான் அதற்குப் பெயர். ராஜாவின் அதிகாரத்தை அது வெட்டியது. மேலவைத் தேர்தலுக்குச் சொத்து, வருமானத் தகுதி வைத்து பெரும்பாலான ஹவாய் மக்களை வெளியே தள்ளியது. ஆசியர்களுக்கு ஓட்டே கிடையாது என்றது. ஆனால் குடியுரிமை வாங்காத அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும்கூட ஓட்டுப்போடலாம் என்றது. கலாகாவா 1891 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். பட்டத்துக்கு வந்த தங்கை லிலியுவோகலானி அந்தச் சட்டத்தை மாற்றத் துணிந்தார். 1893 ஜனவரி 14 அன்று, அந்த நீல அறையில்தான், புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போடும்படி அமைச்சர்களைக் கேட்டார். அவர்கள் தயங்கினார்கள். மூன்றே நாளில் அரசு போய்விட்டது.

அந்த மூன்று நாள் விஷயத்தில் எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். 13 பேர் கொண்ட ஒரு குழு ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டது உறுதி. ஜனவரி 16 மாலை, பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 160-க்கு மேற்பட்ட வீரர்கள் இறங்கி, அரண்மனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் கிட்டத்திலேயே தங்கினார்கள் என்பதும் உறுதி. மறுநாள் புதிய அரசை அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ் அவசரமாக அங்கீகரித்தார். ராணி தன் குடிமக்களிடம் தோற்றதாக எழுதிக்கொடுக்கவில்லை. அமெரிக்காவின் மேலான படைபலத்துக்கு வளைந்துகொடுப்பதாகவும், நியாயம் விசாரிக்கப்பட்டு ஆட்சி தனக்குத் திரும்பும்வரைதான் இது என்றும் எழுதினார். அந்த வாசகம் மிகக் கவனமாக எழுதப்பட்டது. அதிபர் கிளீவ்லேண்ட் அனுப்பிய பிளவுண்ட் விசாரித்து, தவறு அமெரிக்கத் தரப்பில் என்றார். அடுத்த வருஷம் செனட்டின் மோர்கன் அறிக்கை அதற்கு நேர்மாறாகச் சொன்னது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1993-ல், அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது.

விவாதத்துக்குரியவை என்னென்ன? அந்த வீரர்கள் இறங்காமலிருந்தால் கவிழ்ப்பு ஜெயித்திருக்குமா என்பது ஒன்று. ஜெயித்திருக்காது என்பதே என் எண்ணம், ஆனால் அது எண்ணம்தான். கரும்பு முதலாளிகள் சேர்ந்து ராணியைக் கவிழ்த்தார்கள் என்ற ஒற்றை வரி இன்னொன்று. 1890-ல் அமெரிக்கா வரிச் சட்டத்தை மாற்றி ஹவாய் சர்க்கரையின் சலுகையைப் பறித்தது, அது அமெரிக்காவோடு இணைய வேண்டும் என்றவர்களின் கட்சிக்கு வலு சேர்த்தது, எல்லாம் சரி. ஆனால் தீவுகளின் மிகப் பெரிய சர்க்கரை முதலாளியான கிளாஸ் ஸ்பிரெக்கிள்ஸ் இணைப்பை எதிர்த்தவர். அமெரிக்காவோடு சேர்ந்தால் ஒப்பந்தக் கூலி முறை போய்விடும் என்ற பயம் பல தோட்டக்காரர்களுக்கு இருந்தது. மூன்றாவது, ஆட்சி திரும்பினால் எதிரிகளின் தலையைத் துண்டிப்பேன் என்று ராணி சொன்னதாக ஒரு கதை. புதிய தூதர் வில்லிஸ் அப்படித்தான் அறிக்கை அனுப்பினார். ராணியோ அந்த வார்த்தையைத் தான் சொல்லவேயில்லை என்று கடைசிவரை மறுத்தார். இரண்டு பக்கமும் ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல்தான் இருக்கிறது. யாராவது இதை நடந்த உண்மையாகச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

சிம்மாசன அறைக்கு வருவோம். சிவப்பும் தங்கமும் கலந்த அறை. நடன விருந்துகள் நடந்த இடம். கலாகாவாவின் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டதும் அங்கேதான். 1895 ஜனவரியில் ராணியின் ஆதரவாளர்கள் ராபர்ட் வில்காக்ஸ் தலைமையில் கிளர்ச்சி செய்து தோற்றார்கள். ராணியின் வீட்டுத் தோட்டத்தில் ஆயுதங்கள் கிடைத்ததாகச் சொல்லி அவரைக் கைது செய்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் தன் ஆட்கள் தூக்கில் தொங்குவார்கள் என்று நினைத்துத்தான் பதவி விலகல் பத்திரத்தில் கையெழுத்திட்டதாக அவர் பின்னால் எழுதினார். அதன் பிறகும், அவர் உட்கார்ந்து ஆண்ட அதே சிம்மாசன அறையில் ராணுவ நீதிமன்றத்தைக் கூட்டி அவரை விசாரித்தார்கள். கிளர்ச்சி பற்றித் தெரிந்தும் சொல்லவில்லை என்பது குற்றம். ஐந்து வருஷக் கடுங்காவல், 5,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. கடுங்காவலை மாற்றி மாடியில் ஒரு படுக்கையறையில் அடைத்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த வன்மத்தைப் புரிந்துகொள்ள அந்த அறையில் நின்று பார்த்தால்தான் முடியும். நானறிந்து வேறெந்த அரண்மனையிலும் ஆண்டவரையே அதே கூரையின் கீழ் விசாரித்து அங்கேயே சிறைவைத்துவிட்டு, பின்னால் அதை அருங்காட்சியகமாக வைத்திருப்பதைப் பார்த்ததில்லை.

மாடியில் அந்த அறைக்குப் போகும்போது அவசரப்படாதீர்கள். சுமார் எட்டு மாதம் அங்கே இருந்தார். செய்தித்தாள் தரக் கூடாது என்பது உத்தரவு. வீட்டுத் தோட்டத்துப் பூக்களைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினார்கள், அதை விரித்துப் படித்துக்கொண்டார். பாட்டு எழுதினார். கூட இருந்த தோழியோடு சேர்ந்து ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைத்தார். அதில் ஹவாய்க் கொடி, பெயர்கள், தேதிகள் எல்லாம் நூலால் பின்னப்பட்டிருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் அது இன்னும் அந்த அறையிலேயே இருக்கிறது. முழு அரண்மனையிலும் ஒரே ஒரு பொருளைப் பார்க்க எனக்கு நேரமிருந்தால் அதைத்தான் பார்ப்பேன். மற்றதெல்லாம் ராஜ்யம் தன்னை உலகத்துக்கு எப்படிக் காட்ட விரும்பியது என்பதற்குச் சாட்சி. இது, பேச்சுரிமை பறிக்கப்பட்ட ஒருவர் தனக்கு நடந்ததைத் தன் கையாலேயே பதிந்துவைத்தது.

மாடியில் சில அறைகள் வெறிச்சென்று இருக்கும். பராமரிப்புக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். கவிழ்ப்புக்குப் பிறகு அரண்மனைச் சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். கட்டிடம் அரசு அலுவலகமாயிற்று. குடியரசு, அமெரிக்க ஆட்சிப்பகுதி, 1959-க்குப் பிறகு மாநிலம் என்று ஒவ்வொன்றாக வந்து 1969 வரை அங்கேயே இயங்கின. சிம்மாசன அறையில் கீழவை, விருந்து அறையில் மேலவை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் ராணுவ ஆளுநரின் அலுவலகமும் அங்கே இருந்தது. புதிய தலைமைச் செயலகம் கட்டிய பிறகுதான் பழுதுபார்த்து, 1978-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். விற்றுப்போன மேசை, தட்டு, நாற்காலி எல்லாவற்றையும் ஊர் ஊராகத் தேடி வாங்கிவரும் வேலை அன்றிலிருந்து நடக்கிறது.

அரண்மனை முன்வாசலில் 1898 ஆகஸ்ட் 12 அன்று ஹவாய்க் கொடியை இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்றினார்கள். ஹவாய் மக்கள் இதையெல்லாம் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பழைய பாடநூல்கள் எழுதின. அது தவறு என்று இப்போது நிச்சயமாகத் தெரியும். 1897-ல் இணைப்பை எதிர்த்து 21,000-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1896 கணக்கெடுப்பின்படி ஹவாய் இனத்தவர், கலப்பினத்தவர் எல்லாரும் சேர்ந்தே 39,504 பேர்தான். இணைப்பு ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. மறுவருஷம் ஸ்பெயினோடு போர் மூண்ட சூட்டில், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மான வழியில் இணைத்துக்கொண்டார்கள். அந்த மனுக்களை 1990-களில் அமெரிக்க ஆவணக்காப்பகத்திலிருந்து வெளிக்கொண்டுவந்தவர் நோயேநோயே சில்வா என்ற ஹவாய் ஆய்வாளர். ஹவாய் மொழிப் பத்திரிகைகள் ஆயிரக்கணக்கான பக்கம் கிடந்தும், ஆங்கில மூலங்களை மட்டும் படித்து வரலாறு எழுதியதன் விளைவுதான் அந்த மௌனக் கதை.

அரண்மனை சொல்லாதவற்றுக்கு வருகிறேன். 1778-ல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் குக் வந்தபோது தீவுகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய தகராறு. இரண்டு லட்சம் முதல் எட்டு லட்சம் வரை சொல்கிறார்கள். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், நூறு வருஷத்தில் ஹவாய் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்துபோயிருக்கிறது, அதற்குப் பெரிய காரணம் அன்னிய நோய்கள். 1848 நிலப் பங்கீடு எப்படிச் சாதாரண மக்களை நிலமில்லாதவர்களாக்கியது என்பதும் இங்கே தெரியாது. இதற்கெல்லாம் பிஷப் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே ஹவாய்க் கூடத்தின் மூன்று தளத்துக்கும் அரை நாள் வேண்டும். கரும்புத் தோட்டத்துக்கு வந்த சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், பிலிப்பினோக்களின் வாழ்க்கைக்கு வைபாஹுவில் ஒரு தோட்டக் கிராமம் இருக்கிறது. அரண்மனைக்கு எதிரிலேயே, தீவுகளை ஒரே ராஜ்யமாக்கிய கமேஹமேஹா ராஜாவின் சிலைக்குப் பின்னால் இருக்கும் அலியியோலானி கட்டிடத்தில்தான் 1893-ல் கவிழ்ப்பு அறிவிப்பை வாசித்தார்கள். எல்லாரும் சிலையோடு படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் தெருவைக் கடந்து அதையும் பாருங்கள்.

டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். ஞாயிறு, திங்கள் விடுமுறை என்பதுதான் நான் கண்ட வழக்கம், இருந்தாலும் கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு போகும் சுற்று கிடைத்தால் அதையே எடுங்கள். ஒலிப்பதிவில் தகவல் இருக்கும், ஆனால் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. செருப்பு, ஷூவுக்கு மேல் துணி உறை போடச் சொல்வார்கள், பெரிய பை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே ஒன்றரை மணி நேரம், தோட்டத்துக்கு அரை மணி நேரம் வையுங்கள். அங்கே பரந்து நிற்கும் ஆலமரம் நம் நாட்டு ஜாதிதான், கலாகாவாவின் மனைவி ராணி கபியோலானி நட்டது என்பார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆட்சியில் இருந்த மன்னரின் அதிகாரபூர்வ அரண்மனை என்ற பொருளில் இயோலானி ஒன்றுதான், அந்த அளவில் விளம்பரம் சரி. ராஜ குடும்பம் தங்கிய வீடுகள் என்று பார்த்தால் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஹொனலூலுவின் நூவானு பள்ளத்தாக்கில் ராணி எம்மாவின் கோடைகால வீடு, வாக்கெடுப்பில் தோற்றவரின் பக்கத்தைப் பார்க்க நல்ல இடம். இன்னொன்று பெரிய தீவில், கைலுவா-கோனா கடற்கரையில், 1838-ல் எரிமலைக் கல்லால் கட்டிய ஹுலிஹேஎ. உங்கள் பயணத்தில் ஒவாஹு மட்டும் என்றால் எம்மா வீட்டைப் பிஷப் அருங்காட்சியகம் போகும் நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவே காரில் அதிக தூரமில்லை.